பார்வைக்கு மட்டும்

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவில்லிபுத்தூரில் காலனிச் சமுதாயக் கூடத்தில் நாங்கள் நாலைந்து பேர் நடத்திவரும் படிப்பு வட்டத்துக்கு ஒரு தங்கச்சி செல்போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. பி.ஏ. இரண்டாம் வருஷம். அப்பாவுக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை.

"அண்ணே, இதுல எழுதவே விட மாட்டேங்குது. எங்க தொட்டாலும் சும்மாவே நிக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஐந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு புராஜெக்ட். கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் ஐந்து பேர்கள். ஐந்தாவது இவள் பேர். மேலே ஓரத்தில் சின்னதாக, பார்வைக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

"அவங்ககிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேண்ணே. நீ எதையாவது தொட்டு அழிச்சிருவ, நாங்களே முடிச்சிருதோம், அதான் உன் பேரு போட்டுட்டோம்லன்னு சொல்லிட்டாங்க."

உன் பேரு போட்டுட்டோம்ல. இந்த நாட்டில் நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கிற இடத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த ஆய்வாளனும் எனக்குச் சொன்னதில்லை. வாக்காளர் பட்டியலில் பேர் போட்டாச்சு. ரேஷன் கார்டில் போட்டாச்சு. ராஜபாளையம் ஒருகாலத்தில் தனித்தொகுதி. 2008 மறுவரையறைக்குப் பிறகு திருவில்லிபுத்தூர் தனித்தொகுதி. பாராளுமன்றத்துக்கு வந்தால் தென்காசியும் தனி. எல்லாப் பலகையிலும் பேர் இருக்கிறது. பேனா மட்டும் வேறு எவனோ சட்டைப்பையில் இருக்கிறது.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அந்த ஐந்து பேரில் காலனியிலிருந்து போனவள் இவள் ஒருத்திதான். அவர்கள் சாதி பார்த்துத்தான் செய்தார்கள் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். பார்க்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். "தொட்டு அழிச்சிருவ" என்கிற அந்த வாக்கியத்தில் 'தொட்டு' என்ற சொல் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்பது மட்டும்தான் என் கேள்வி.

ஒரு கோப்பை இன்னொருத்தரோடு பகிரும்போது மூன்று படிகள் உண்டு. ஒருவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி. இன்னொருவர் பார்க்கலாம், ஓரத்தில் கருத்துச் சொல்லலாம், ஆனால் வரியைத் தொடக்கூடாது. மூன்றாமவர் எழுதலாம், திருத்தலாம், அழிக்கலாம். இந்த மூன்றுக்கும் மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், கோப்புக்குச் சொந்தக்காரர். யாருக்கு எந்தப் படி என்று முடிவு செய்பவர் அவர். இதை நம் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகவில்லை. ஊரும் சேரியும் உள்ள நாட்டில் பிறந்தவனுக்குப் படிநிலை என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டுமா? ஆண்டாள் கோயிலில் 2024 டிசம்பரில் இளையராஜா அர்த்தமண்டபத்துக்குள் போய்விட்டு வெளியே வந்து நின்று கும்பிட்டதைப் பற்றி ஊரே பேசியது. அறநிலையத்துறை அது வழக்கம் என்றது. அவரோ வதந்தி என்றார். அது அவர்கள் பாடு. அந்த வாசலில் ஒரு கோடு இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் போக அனுமதி இருப்பவன் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலை எழுதியது நாமில்லை. இவ்வளவுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. சேர்ந்த முதல் நாள் எனக்கு நாற்காலிக்கு முன்னால் ஒரு யூசர் ஐடி கொடுத்தார்கள். ஒரு வவுச்சரை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினால் நான் மேக்கர். அதைச் சரிபார்த்து விடுகிற அதிகாரி செக்கர். நான் ஏற்றியதை நானே பாஸ் பண்ண முடியாது. அவரும் தானே ஏற்றித் தானே பாஸ் பண்ண முடியாது. தப்பாக ஏற்றிவிட்டால் அழிக்கவும் முடியாது. எதிர் என்ட்ரி போட்டு ரிவர்ஸ் பண்ண வேண்டும். தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும், இரண்டுக்கும் பக்கத்தில் யார் செய்தது, எத்தனை மணிக்கு என்பதும் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் ஒருநாள் ஒரு வித்தியாசத்துக்கு "கோட்டாவுல வந்தா இப்பிடித்தான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தார்கள். அந்த என்ட்ரி அவருடைய ஐடியில் இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் என் வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய்ச்சொல்லுக்கு அவசியம் இல்லாமல் ஒரு ஏடு எனக்காகப் பேசியது. அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் என்கிற பெட்டியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

இதெல்லாம் கம்பெனிக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிற தோழர்களுக்கு ஒன்று. பாபாசாகேப் தலைமையில் அரசியல் சாசன வரைவுக்குழு அமைந்தது 1947 ஆகஸ்ட் 29. அந்த வரைவுக்கு 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன. 2,473 திருத்தங்கள் சபையில் கொண்டுவரப்பட்டு விவாதிக்கப்பட்டன. எதை யார் சொன்னார், அதற்கு அம்பேத்கர் என்ன பதில் சொன்னார், ஏற்றார்களா தள்ளினார்களா என்பதெல்லாம் சபை நடவடிக்கைக் குறிப்புகளில் தேதியோடு இருக்கிறது. பல பேர் ஒரே கோப்பில் வேலை செய்வது என்றால் அதுதான். இன்றைக்குக் கூகுள் டாக்ஸில் 'பதிப்பு வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒவ்வொருத்தர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில், நேரத்தோடு வரும். சபைக் குறிப்பெழுத்தர்கள் கையால் செய்ததை அது தானாகச் செய்கிறது. அந்தச் சபையில் நம்மாள் ஒருத்தர் கையில் பேனா இருந்ததால்தான் இன்றைக்கு நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்று எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ராஜபாளையம் நூற்பாலை ஊர். இந்த ஊர் ராம்கோ குழுமத்திலிருந்து 90களிலேயே ராம்கோ சிஸ்டம்ஸ் கிளம்பி, கம்பெனிகளின் கணக்குவழக்கு முழுவதையும் நடத்துகிற சாஃப்ட்வேரை எழுதி விற்க ஆரம்பித்துவிட்டது. கிருஷ்ணன்கோவிலில் 1984லேயே இன்ஜினியரிங் காலேஜ் வந்துவிட்டது. ஆக, பெட்டி நம் பகுதிக்கு வந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளிய என் அப்பா அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். நான் ப்ளஸ் டூவில் ஸ்டார் ஆஃபீஸைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தேன். எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை என்று இருட்டில் கேட்டாலும் சொல்வேன். திரையில் அதை முதன்முதலில் பார்த்தது பரீட்சைக்குப் பிறகு. தங்கச்சிக்கு 2012ல் அரசாங்க லேப்டாப் வந்தது. 2011 செப்டம்பர் 15ல் ஆரம்பித்த திட்டம். அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 300 ரூபாய் கொடுத்து அதை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் போட்டு, படம் பார்த்தோம். இலவசம் கொடுத்து ஜனங்களைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது பேசினவர்கள் வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்தது. அவர்கள் பேச்சை விடுங்கள். கொடுத்தவனும் இது என்ன என்று சொல்லவில்லை, வாங்கின நாமும் கேட்கவில்லை. என் குற்றச்சாட்டில் நானும் ஒரு குற்றவாளி. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள். 20 லட்சம் பேருக்கு என்று 2025 பட்ஜெட்டில் சொன்னது. படம் பார்க்கிற பெட்டி இன்னும் 20 லட்சமா என்பதுதான் என் பயம்.

பணம் கட்டிப் படிக்கிற இடத்திலாவது வித்தியாசம் உண்டா? மூணு மாசக் கோர்ஸ். முதல் வாரம் பெயிண்டில் வீடு வரைதல். அப்புறம் வேர்டில் எழுத்தைச் சாய்த்தல், தடித்தல். அப்புறம் டேலி. கடைசியில் தங்க நிறப் பார்டர் போட்ட சர்டிஃபிகேட். நம் பிள்ளைகளைத் தட்டச்சுக்கும் பில் போடுவதற்கும் தயார் செய்கிற இந்தக் கடைகளுக்கு நம் தாய்மார் மகளிர் குழுக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். கோப்பு என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது என்று அங்கே ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் இந்தக் கட்டுரையை நான் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

நான் இட்டுக்கட்டவில்லை. படிப்பு வட்டத்தில் ஒவ்வொருத்தராகக் கேட்டுப் பார்த்தேன். "உன் மார்க்‌ஷீட் காப்பி எங்கே இருக்கு?" "வாட்ஸ்அப்ல இருக்குண்ணே." "வாட்ஸ்அப்ல எங்க?" "மாமா அனுப்புனாரு, மேல போய்ப் பாக்கணும்." போன் உடைந்தால் மார்க்‌ஷீட்டும் போச்சு. செல்போன் செய்கிறவன் வேண்டுமென்றே ஃபோல்டரை மறைத்து வைத்திருக்கிறான். உனக்குப் படம் தெரிந்தால் போதும், பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று எதற்கு என்கிறான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை இத்தனை கேபிக்குள் ஏற்று என்று கேட்கிறது. போட்டோ எடுத்தால் 3 எம்பி இருக்கிறது. ஆயிரம் கேபி ஏறக்குறைய ஒரு எம்பி, அப்படியானால் இது மூவாயிரம் கேபி, கேட்பதோ ஒரு இருநூறு. அதைக் குறைக்க வழி போனிலேயே இருக்கிறது. இது தெரியாததால் பிரௌசிங் சென்டரில் தலைக்கு 50 ரூபாய். பிள்ளைகளின் அறியாமையில் ஒரு தெருவே பிழைக்கிறது.

கொரோனாக் காலத்தில் இதன் விலை வெளிப்படையாகத் தெரிந்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் கிராமத்து வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 100க்கு 4.4. 2021 ஆகஸ்டில் பதினைந்து மாநில, யூனியன் பிரதேசங்களில் எளிய வீட்டுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு எடுத்தார்கள். கிராமத்துத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். கிராமத்து மற்ற பிள்ளைகளில் 15 சதவீதம். ஏழை என்கிற ஒரே கூரைக்குக் கீழேயே நாலு மடங்கு வித்தியாசம். தகுதி, திறமை என்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு வருஷ மார்க்கை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

இனி எங்கள் அட்டவணைக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உதவித்தொகை வரவில்லை என்று பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து என்னிடம் அழுவது வழக்கம். நான் கவுண்டரில் இருக்கிறேனாம், என்னால் ஏதோ செய்ய முடியுமாம். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆபீஸில் லஞ்சம் கேட்கிறார்கள், காலேஜில் அனுப்பவில்லை, கவர்மெண்டே நிறுத்திவிட்டது. ஒரு ராத்திரி கூகுள் ஷீட்ஸில் ஒரு வெற்று அட்டவணையைத் திறந்து, எல்லோருக்கும் எழுதுகிற அனுமதி கொடுத்து, குரூப்பில் லிங்க்கைப் போட்டேன். தலைப்புகள் ஆறு: என்ன படிப்பு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தாய், இணையத்தில் என்ன நிலை காட்டுகிறது, எந்த பேங்கில் கணக்கு, அந்தக் கணக்கு எப்போது திறந்தது, பணம் வந்ததா. பேர் வேண்டாம், ஆளுக்கொரு எண் போதும் என்றேன். ஆதார் நம்பரையோ கணக்கு நம்பரையோ எவனாவது போட்டால் உதைப்பேன் என்றும் சொன்னேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது. ஒரே தாளில் இருபத்திரண்டு விரல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறம் துடிக்கிறது. ராஜபாளையத்தில் ஒருத்தன், வில்லிபுத்தூரில் நாலு பேர், மதுரை விடுதியில் ஒருத்தி. ஒருத்தன் இன்னொருத்தன் கட்டத்தில் எழுதிவிட்டு, "ஏய், அது என் கட்டம்டா" என்று சண்டை. பதினொன்றரைக்கு அட்டவணை நிரம்பிவிட்டது. அதைக் கடைசித் தலைப்பின்படி வரிசைப்படுத்தினேன். வராதவர்கள் எல்லோரும் மேலே வந்து நின்றார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இணையத்தில் 'பணம் அனுப்பப்பட்டது' என்று இருந்தது. அனுப்பியாகிவிட்டது, ஆனால் வரவில்லை!

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கவுண்டரில் தினமும் பார்க்கிற சங்கதி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று 2020 டிசம்பரில் முடிவானது. மத்தியப் பங்கு நேரடியாக மாணவர் கணக்குக்கு, அதுவும் ஆதார் வழியாக வருகிறது. அதாவது நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு நம்பரைப் பார்த்து வராது. உன் ஆதாரை எந்த பேங்கில் கடைசியாக இணைத்தாயோ அந்த பேங்குக்குப் போகும். அந்தப் பட்டியல் என்பிசிஐ என்கிற இடத்தில் இருக்கிறது. அட்டவணையை மறுபடி பார்த்தேன். வராதவர்களில் பலர் இந்தக் கணக்கைக் கல்லூரி சேர்ந்தபோது திறந்தவர்கள். "இதுக்கு முன்னாடி, இல்ல பின்னாடி வேற எங்கயாவது கணக்கு ஓப்பன் பண்ணீங்களா?" என்று குரூப்பில் கேட்டேன். ஒருத்தி எழுதினாள்: "ஆமாண்ணே, அம்மா குழு லோனுக்கு என் பேர்ல ஒண்ணு தொறந்தாங்க. பாஸ்புக் எங்கன்னு தெரியல." அடுத்து இன்னொருத்தன். அடுத்து இன்னொருத்தி. காசு எங்கேயும் ஓடிவிடவில்லை. சிலருக்கு மறந்துபோன கணக்கில் கிடந்தது. சிலருக்குக் கணக்கு முடங்கிப்போய்த் திரும்பிவிட்டது.

தனித்தனியாக வந்து அழுதபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலையெழுத்து. ஒரே தாளில் சேர்ந்து எழுதியபோது அது ஒரு கோளாறு. கோளாறு என்றால் சரி செய்யலாம். ஆளுக்கொரு மனு எழுதி, சரியான பேங்கில் ஆதாரை மாற்றி இணைக்கச் சொன்னோம். பாதிப் பேருக்கு அடுத்த தவணை வந்தது. மிச்சப் பேருக்குக் காரணம் வேறு, அது உண்மையாகவே அலுவலகத் தாமதம். அதற்கு அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். "நீங்க யாரு, எந்தச் சங்கம்?" என்றார்கள். "நாங்க அட்டவணை சார்" என்றான் ஒருத்தன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு மூத்த தோழர் சொன்னார்: "கம்ப்யூட்டர் ஏகாதிபத்தியத்தின் கருவி. நமக்குக் களப்பணிதான் முக்கியம்." இதை அவர் எழுதியது வாட்ஸ்அப் குரூப்பில். அச்சுக்கூடமும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கருவிதான். ரெட்டமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' பத்திரிகையை எதில் அச்சடித்தார்? அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தபோது எழுத்துக் கோத்தது ஈய அச்சில்தானே? கருவி வந்தவுடன் பிடித்தவர்கள் நம் முன்னோர்கள். தயங்குகிற புத்தி நமக்கு இடையில் வந்தது.

அச்சு என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். நம் சிற்றிதழ்களில் பல 90களில் பேஜ்மேக்கரில் கோத்து, ஃபிளாப்பியில் போட்டு அச்சகத்துக்குப் போனவை. ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்பி. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு கணக்கு. ஒருவன் எழுத்துருவில் 'அ' இருக்கும் எண்ணில் இன்னொருவன் 'ழ' வைத்திருப்பான். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யூனிகோட் வந்து உலகம் பூராவும் 'அ' என்றால் 2949 என்று ஒரே எண்ணை வைத்தார்கள். தமிழ்நாடு அரசு அதைத் தன் தரமாக அறிவித்தது 2010ல். அதற்கு முந்தைய நம் கோப்புகளை இன்று திறந்தால் கொம்பும் குறியுமாக ஏதோ வருகிறது. 'தலித்' என்ற சொல்லுக்கு இன்றைய முறையில் 15 பைட் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் 5. நாம் கொஞ்சம் அதிக இடம் கேட்கிற ஜனம்தான், கொடுக்கட்டும். ஆனால் மாற்றி எழுதாமல் விட்டால் பூஜ்யம்.

மாற்றி எழுதுவது யார்? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகின் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டு, ஒருத்தர் தட்டச்சு செய்ய இன்னொருத்தர் பிழை பார்க்க, சம்பளமில்லாமல் மின்னஞ்சலிலேயே சேர்ந்து வேலை செய்தார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 2005ல் ஈழத்துத் தமிழர்கள் நூலகம் திட்டத்தை ஆரம்பித்து, கிடைத்த இதழையெல்லாம் இணையத்தில் ஏற்றினார்கள். நமக்கு எரித்தவனும் இல்லை, ஏற்றுகிறவனும் இல்லை. பரணில் கரையான் மட்டும் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003ல் ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'தொகு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தொட யாரிடமும் கும்பிட்டுக் கேட்க வேண்டாம். ஒருசில பூட்டிய பக்கங்கள் தவிர எல்லாம் திறந்தே கிடக்கிறது. சாதிப் பெருமைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. ஆண்ட பரம்பரைக் கதைகளை அவர்கள் எழுதுவதும், யாராவது சான்று கேட்டு நீக்குவதும், மறுபடி எழுதுவதுமாக நடப்பதை அந்தப் பக்கங்களின் வரலாற்றைத் திறந்தால் வரி வரியாகப் பார்க்கலாம். நாட்டிலேயே வாசல் திறந்திருக்கிற ஒரு இடத்தில் நாம் ஏன் இல்லை?

1997 மே மாதம் விருதுநகர் மாவட்டத்துக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையின் தளபதி. அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியார் கிளம்பி, தென்மாவட்டம் பற்றி எரிந்தது. நான் அப்போது ஒண்ணாங்கிளாஸ் கூடச் சேரவில்லை. அம்மாச்சி என்னைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ராத்திரியாகச் சோளக்காட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அரசாங்கம் கண்ட தீர்வு, அந்த வருஷமே எல்லா மாவட்டங்கள், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் எடுத்துவிட்டது. ஒரு பேரைத் தாங்க முடியாமல் மொத்தப் பலகையையும் வெள்ளையடித்தார்கள். கம்ப்யூட்டரில் பழைய கோப்பின் மேலேயே புதுக்கோப்பைச் சேமிப்பது மாதிரி. படிப்பு வட்டத்தில் இருபது பேரிடம் கேட்டேன், அப்படி ஒரு பேர் பஸ்ஸில் இருந்ததை இரண்டு பேர்தான் கேள்விப்பட்டிருந்தார்கள். இப்போது அவரவர் பாட்டி தாத்தாவிடம் கேட்டு, ஒரே கோப்பில் சேர்த்து எழுத ஆரம்பித்திருக்கிறோம்.

அந்தக் கோப்பின் லிங்க்கை நான் யாருக்கும் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாட்சி சொல்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வீடு எரித்தவர்களும் இருக்கிறார்கள். லிங்க் வைத்திருப்பவன் எவனும் திறக்கலாம் என்று ஒரு அனுமதி இருக்கிறது. அது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது. பேர் சொல்லி அழைத்தவர் மட்டும் திறக்கலாம் என்பது வேறு. மேகம், கிளவுட் என்று சொல்கிறார்களே, அது வானத்தில் இல்லை. ஏதோ ஒரு கம்பெனி ஏ.சி. போட்டு வைத்திருக்கிற கட்டடத்தில் நம் எழுத்து கிடக்கிறது. சாவி நம்மிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. ஆகவே எல்லாவற்றையும் அங்கே வைக்கக் கூடாது. பாட்டிகளின் பேச்சை லிப்ரே ஆஃபீஸில் எழுதி, பென் டிரைவில், இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பீமா கொரேகான் வழக்கில் ரோனா வில்சன் 2018ல் கைதானார். அவர் லேப்டாப்பின் நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021ல் அறிக்கை கொடுத்தது. 2016ல் ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததிலிருந்து நெட்வயர் என்ற ஒற்று மென்பொருள் உள்ளே புகுந்து, மறைவான ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, குற்றம் சாட்டப் பயன்பட்ட கடிதங்களை அதில் வைத்தது என்கிறது அறிக்கை. அந்தக் கடிதங்கள் உருவான வேர்ட் பதிப்பு அந்த லேப்டாப்பிலேயே கிடையாது என்றும் அது சொன்னது. ஸ்டான் சுவாமி, நம் திருச்சிச் சீமையில் பிறந்தவர், அவருடைய கம்ப்யூட்டரிலும் இதே கதை என்று 2022 டிசம்பரில் இன்னொரு அறிக்கை. அவர் 2021 ஜூலை 5ல், 84 வயதில், காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் செத்துப்போயிருந்தார். தேசியப் புலனாய்வு முகமை இதையெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை. கோப்பு எது, அது எந்தத் தேதியில் எதில் உருவானது, யார் வைத்தது என்பது ஒரு மனிதனின் ஆயுள் கேள்வியாகிவிட்ட நாட்டில், களப்பணிக்கு இது வேண்டாம் என்று சொல்கிற தோழரிடம் நான் என்ன பேச?

அந்தத் தங்கச்சி விஷயம் பாக்கி இருக்கிறது. கோப்பின் மேல் 'எடிட் அனுமதி கேள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தச் சொன்னேன். நாலு நாள் பதில் இல்லை. கெஞ்சாதே, ஆனால் தினமும் ஒரு தடவை அழுத்து என்றேன். கொடுக்க வேண்டியதற்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு அனுமதி வந்தது, அவர்களுக்கு மூணு பக்கம் குறைந்ததால். உட்கார்ந்து எழுதினாள், தறி வேலையில் பெண்கள் கூலி பற்றி, அப்பாவிடம் கேட்டுக் கேட்டு. மறுநாள் வகுப்பில் எந்தப் பகுதியை யார் எழுதினார்கள் என்று கேள்வி வந்தபோது, மற்ற நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, இவள் போனை எடுத்துப் பதிப்பு வரலாற்றைத் திறந்து நீட்டிவிட்டாள். அதைத் திறக்கிற வழியை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகத் தேடிக் கண்டுபிடித்தது. மார்க் இன்னும் வரவில்லை.

படிப்பு வட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்டில்தான் கரண்ட் வருகிறது. இன்னொன்றைச் சரிசெய்து தரும்படி எழுதிக் கொடுத்து ஏழு மாசமாகிறது. வருகிறவர்கள் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் எடுத்து வரவும்.